உயரம் வேறு, விறைப்பு வேறு

லாரியின் பின்தட்டில் ஏறிப் போனவர்களுக்கு இது தெரியும். மூட்டை அடுக்கிப் போகும்போது அதிகம் அலுங்காமல் போன வண்டி, சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பும்போது ஒவ்வொரு குழிக்கும் ஆளைத் தூக்கித் தூக்கிப் போடும். அதே சாலை, அதே டிரைவர், ஏறக்குறைய அதே வேகம். குறைந்தது சுமை மட்டும்தான். பாரம் குறைந்தால் வண்டிக்குச் சுகம்தானே, பிறகு ஏன் இந்தக் குதி?

இதே புதிர் இப்போது வேறு வேஷத்தில் மெக்கானிக் ஷெட்டுகளுக்கு வருகிறது. ஜிம்னி, தார் போன்ற ஜீப் ரக வண்டிகளை வாங்கியவர்கள் கொஞ்ச நாளிலேயே 'லிஃப்ட்' போட ஆசைப்படுகிறார்கள். கம்பெனி ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு வேறு ஸ்பிரிங் மாட்டி வண்டியை ஒன்றரை, இரண்டு அங்குலம் உயர்த்துவதற்குத்தான் அந்தப் பெயர். போட்ட பிறகு வண்டி கம்பீரமாக நிற்கிறது. ஆனால் பின்சீட்டில் உட்காரும் அம்மா இரண்டாம் முறை ஏற மறுக்கிறார். கரடுமுரடான பாதைக்கென்று செய்த வேலை கரடுமுரடான பாதையிலேயே காலை வாரிவிட்டதாகத் தோன்றுகிறது.

லாரிக்கும் லிஃப்ட் போட்ட ஜிம்னிக்கும் விடை ஒன்றுதான். அதைப் பிடிக்க ஸ்பிரிங்கின் இரண்டு குணங்களைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். ஒன்று, சுமை ஏதும் இல்லாமல் மேசைமேல் நிற்கும்போது அது எவ்வளவு உயரம் என்பது. இதைத் தனி நீளம் என்று வைத்துக்கொள்வோம். மற்றது, அதை ஒரு மில்லிமீட்டர் அமுக்க எத்தனை கிலோ தேவை என்பது. இதுதான் விறைப்பு. பெட்டியின் மேல் 'ஹெவி டியூட்டி, 40 எம்.எம். லிஃப்ட்' என்று அச்சடித்து விற்கும்போது இந்த இரண்டும் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. வாங்குபவருக்கும் உயரமான ஸ்பிரிங், பலமான ஸ்பிரிங், நல்ல ஸ்பிரிங் எல்லாம் ஒன்றாகவே தெரிகிறது.

விறைப்பை முதலில் விதியாகச் சொன்னவர் லண்டனில் வாழ்ந்த ராபர்ட் ஹூக். கண்டுபிடிப்பைப் பிறர் தட்டிக்கொண்டு போய்விடுவார்களோ என்ற பயத்தில், 1676-இல் லத்தீன் வாக்கியம் ஒன்றின் எழுத்துகளைக் கலைத்து அகர வரிசையில் அடுக்கிப் புதிராக வெளியிட்டார். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1678-இல், அவரே அதை அவிழ்த்தார்: நீட்சி எப்படியோ விசையும் அப்படியே. இரண்டு மடங்கு சுமை வைத்தால் இரண்டு மடங்கு அமுங்கும், சுமையை எடுத்தால் பழைய இடத்துக்கு வரும். பள்ளியில் எடைக்கற்களைத் தொங்கவிட்டு நாம் வரைந்த நேர்கோடு இதுதான். அந்தக் கோடு எவ்வளவு செங்குத்தாக ஏறுகிறதோ அதுதான் விறைப்பு. ஸ்பிரிங் எவ்வளவு உயரம் என்ற கேள்வி அந்தக் கோட்டில் எங்குமே இல்லை.

சரி, விறைப்பு எங்கிருந்து வருகிறது? சுருள்வில்லை அமுக்கும்போது அதன் கம்பி நசுங்குவதாகத்தான் நினைப்போம். உண்மையில் கம்பி முறுக்கப்படுகிறது. ஈரத் துண்டைப் பிழியும்போது இரு கைகளும் எதிரெதிராகத் திருகுகின்றன அல்லவா, சுருளின் ஒவ்வொரு சுற்றிலும் கம்பிக்கு நேர்வது அந்தத் திருகல்தான். மஹிந்திராவின் 2010 தார் வைத்திருப்பவர்கள் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அதன் முன்பக்கம் சுருளே கிடையாது. சேஸிஸை ஒட்டி நீளவாக்கில் ஒரு நேரான எஃகுத் தண்டு ஓடும். டார்ஷன் பார் என்பார்கள். சக்கரம் மேலேறும்போது அந்தத் தண்டு முறுக்கிக்கொள்ளும், பிறகு திரும்பும். சுருள்வில் என்பது இடத்தை மிச்சம் பிடிக்கச் சுற்றி வைத்த டார்ஷன் பார், அவ்வளவுதான்.

முறுக்கம் என்று தெரிந்துவிட்டால் மீதியெல்லாம் வரிசையாக விளங்கும். தடித்த கம்பியை முறுக்குவது கடினம். எவ்வளவு கடினம் என்பதில்தான் ஆச்சரியம் இருக்கிறது: தடிமன் இரண்டு மடங்கானால் விறைப்பு பதினாறு மடங்கு. 12 மி.மீ. கம்பியை 13 மி.மீ. ஆக்கினாலே, மற்றதெல்லாம் மாறாதிருக்க, விறைப்பு சுமார் 38 சதவீதம் கூடிவிடும். வெர்னியர் இல்லாமல் கண்ணால் கண்டுபிடிக்க முடியாத வித்தியாசம் அது. இடுப்பு கண்டுபிடித்துவிடும்.

சுற்றுகளின் எண்ணிக்கை எதிர்த்திசையில் வேலை செய்கிறது. நீளமான தண்டை முறுக்குவது எளிது, குட்டையானதை முறுக்குவது கடினம். ஆகவே சுற்று குறையக் குறைய விறைப்பு கூடும். வண்டி தாழ்வாக நிற்க வேண்டும் என்று காரின் ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை அறுத்துவிடும் இளைஞர்கள், எட்டில் ஒன்றை அறுத்தால் மிஞ்சிய ஏழும் சேர்ந்து முன்பைவிடச் சுமார் 14 சதவீதம் விறைப்பாகிவிடுவதைக் கவனிப்பதில்லை. வெட்டினால் ஸ்பிரிங் பலவீனமாகும் என்ற எண்ணம் இங்கே தலைகீழாகிறது. ஒரு முனையில் நெருக்கமாகவும் மறுமுனையில் இடைவெளி விட்டும் சுற்றிய ஸ்பிரிங்குகளின் சூட்சுமமும் இதுவே. பாரம் ஏறும்போது நெருங்கிய சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து வேலையிலிருந்து விலகும். மிச்சச் சுற்றுகள் குறைய, விறைப்பு கூடும்.

எஃகின் தரம்? இங்கேதான் விற்பனைப் பேச்சு அதிகம் விளையாடுகிறது. வீட்டுக்குக் கான்கிரீட் போடும் கம்பியின் எஃகையும் உயர்ந்த ரக ஸ்பிரிங் எஃகையும் ஒரே அளவில் சுற்றி லேசாக அமுக்கினால், இரண்டின் விறைப்பும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். பாடநூல்கள் விறைப்புக் குணகம் என்று சொல்லும் எண் எல்லா எஃகுக்கும் சில சதவீதத்துக்குள் ஒன்றுதான். காரணம், அது இரும்பு அணுக்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும் பிடியிலிருந்து வருவது. கொஞ்சம் சிலிக்கான், குரோமியம் சேர்ப்பதாலோ, பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் தோய்ப்பதாலோ அந்தப் பிடி மாறிவிடாது. மாறுவது வேறொன்று: எவ்வளவு முறுக்கினால் இனி திரும்பாது என்ற எல்லை. கான்கிரீட் கம்பி சீக்கிரமே அந்த எல்லையைத் தாண்டி அப்படியே நின்றுவிடும். ஸ்பிரிங் எஃகு தாங்கும். நல்ல எஃகுக்குக் கொடுக்கும் காசு, பல ஆண்டுகள் படியாமல் இருப்பதற்கான காசு.

இதிலிருந்து இன்னொரு நம்பிக்கையும் உடைகிறது. "ஸ்பிரிங் வீக் ஆயிடுச்சு சார், வண்டி உக்காந்துடுச்சு" என்பார் மெக்கானிக். வண்டி உட்கார்ந்தது உண்மை. ஸ்பிரிங் தளர்ந்தது என்பது பெரும்பாலும் உண்மையில்லை. பழைய ஸ்பிரிங்கை அழுத்திப் பார்க்கும் இயந்திரத்தில் வைத்து, இரண்டு உயரங்களில் சுமையை அளந்து வித்தியாசம் எடுத்தால், மில்லிமீட்டருக்கு எத்தனை கிலோ என்ற எண் புதிதில் இருந்தது போலவே வரும். குறைந்திருப்பது தனி நீளம். ஆண்டுக்கணக்கில் பாரத்தின் கீழ் நின்ற கம்பி நுண்ணிய அளவில் முறுக்கு வாங்கி, படிந்துவிட்டது. உயரம் போயிற்று, விறைப்பு போகவில்லை.

இப்போது கணக்குக்கு வருவோம். வண்டியின் ஒரு மூலையில் ஸ்பிரிங்கின் மேல் 260 கிலோ உட்கார்ந்திருப்பதாகக் கொள்வோம். ஸ்பிரிங்கின் விறைப்பு மில்லிமீட்டருக்கு 2 கிலோ. அப்படியானால் அது 130 மி.மீ. அமுங்கி நிற்கும். அதே தனி நீளமுள்ள, மில்லிமீட்டருக்கு 2.6 கிலோ விறைப்புள்ள ஸ்பிரிங்கை மாட்டினால் 100 மி.மீ.தான் அமுங்கும். வண்டி 30 மி.மீ. உயர்ந்துவிட்டது! லிஃப்ட் கிடைத்துவிட்டது என்று மகிழலாம். ஆனால் அந்த மூலையில் இன்னும் 78 கிலோவை ஏற்றுங்கள். ஸ்பிரிங் மறுபடி 130 மி.மீ. அமுங்கும், வண்டி பழைய உயரத்துக்கே வந்துவிடும். விறைப்பால் வந்த உயரம் சுமை வந்தால் போய்விடுகிற உயரம்.

குலுக்கத்தின் கதையும் இந்த அமுக்கத்துக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. ஓர் உடல் ஸ்பிரிங்கின் மேல் நிமிடத்துக்கு எத்தனை முறை மேலும் கீழும் ஆடும் என்பதை, அது சும்மா நிற்கும்போது எவ்வளவு அமுங்கியிருக்கிறது என்ற ஒரே அளவிலிருந்து கணித்துவிடலாம். 130 மி.மீ. அமுங்கியிருந்தால் நிமிடத்துக்கு 83 ஆட்டம். 100 மி.மீ. என்றால் 95. நாம் சாதாரணமாக நடக்கும்போது நிமிடத்துக்கு ஏறக்குறைய 100 அடி வைக்கிறோம். அந்த அளவும் அதற்குச் சற்றுக் கீழும் உடம்புக்குப் பழகிய ஆட்டம். ஆட்டம் அதற்கு மேல் போகப் போக வயிறும் முதுகும் முனகும். லாரியின் பின்பக்கம் ஸ்பிரிங்காக இருக்கும் எஃகுப் பட்டைகள் முழுப் பாரத்துக்கென்று செய்தவை. காலியாகப் போகும்போது அவை அரைகுறையாகத்தான் அமுங்கியிருக்கும். பின்பக்கச் சுமை நான்கில் ஒரு பங்காகக் குறைந்தால் ஆட்டம் இரு மடங்கு வேகமாகும். ஒரே கல்லில் ஏறும்போது பட்டை கொடுக்கும் கூடுதல் உதை ஒரே அளவுதான், அந்த உதையை வாங்கும் உடல் லேசாகிவிட்டது. லாரி குதிப்பது இதனால்தான். முன்பக்கம் இரும்புப் பம்பரும் வின்ச்சும் சேர்த்து நூறு கிலோவுக்கு மேல் சுமக்கும் வண்டிக்கென்று செய்த ஸ்பிரிங்கை, பம்பரும் வாங்காமல் வின்ச்சும் வாங்காமல் மாட்டிக்கொண்டவரும் நிரந்தரமாகக் காலி லாரியில்தான் பயணம் செய்கிறார்.

முன்னுக்கும் பின்னுக்கும் இடையே ஒரு கணக்கு வேறு இருக்கிறது. 1930-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸில், ரோல்ஸ் ராய்ஸிலிருந்து வந்து சேர்ந்த மாரிஸ் ஆலி என்ற பொறியாளர் ஒரு பெரிய காரின் முன்னும் பின்னும் எடைகளைத் தொங்கவிட்டு, அவற்றை நகர்த்தி நகர்த்தி, ஸ்பிரிங்குகளையும் மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்தார். சுகமான பயணத்தை அளக்கும் கருவி அவர்களிடம் இல்லை. ஏறி உட்கார்ந்து வந்தவர்களின் அபிப்பிராயம்தான் அளவுகோல். கிடைத்த விடை அன்றைய வழக்கத்துக்கு நேர்மாறாக இருந்தது: முன்ஸ்பிரிங் பின்ஸ்பிரிங்கைவிட இளக்கமாக இருக்க வேண்டும். மேட்டில் முதலில் ஏறுவது முன்சக்கரம். பின்பக்கம் தாமதமாக ஆடத் தொடங்கி, கொஞ்சம் வேகமாக ஆடினால், சீக்கிரமே முன்பக்கத்தோடு சேர்ந்துகொள்ளும். வண்டி முன்னும் பின்னும் ஊசலாடாமல் சமமாக ஏறி இறங்கும். முன்பக்கம் மட்டும் கனரக ஸ்பிரிங் மாட்டுகிறவர்கள் ஆலி கண்டதை ஒரே நாளில் கலைத்துவிடுகிறார்கள்.

உயரத்தை மட்டும் கூட்டி விறைப்பைத் தொடாமல் விட வழி உண்டா? உண்டு. ஸ்பிரிங்குக்கு அடியில் அல்லது மேலே ஒரு வளையம், ஸ்பேசர், வைக்கலாம். ஸ்பேசர் வைத்தால் ஸ்பிரிங் இறுகிவிடும் என்று பலர் உறுதியாகச் சொல்வார்கள். இறுகாது. மேலே இருக்கும் எடை மாறவில்லை, ஆகவே ஸ்பிரிங் பழைய அளவே அமுங்கி நிற்கும், வளையத்தின் தடிமன் அளவுக்கு வண்டி மட்டும் உயரும். பழைய தாரின் டார்ஷன் பாரில் இது இன்னும் எளிது. தண்டின் பின்முனையில் உள்ள போல்ட்டை ஸ்பானரால் திருகினால் முன்பக்கம் எழுந்து நிற்கும். அதே தண்டு, அதே விறைப்பு.

ஆனாலும் அப்படி உயர்த்திய வண்டிகளும் சில நேரம் அடிக்கின்றன. பழியை ஸ்பிரிங்கின் மேல் போட வேண்டாம், ஷாக் அப்சார்பரைப் பாருங்கள். அதற்குச் சுருங்கவும் விரியவும் ஓர் எல்லை உண்டு. வண்டி 40 மி.மீ. உயர்ந்து நிற்கும்போது ஷாக் அப்சார்பர் ஏற்கெனவே கிட்டத்தட்ட அவ்வளவு விரிந்துவிட்டது. சக்கரம் பள்ளத்தில் இறங்க வேண்டிய நேரத்தில், இதற்கு மேல் விரிய இடமில்லை என்று 'டக்'கென்று அடிக்கிறது. கரட்டுப் பாதையில் இது சத்தத்தோடு நிற்பதில்லை. சக்கரம் பள்ளத்தைத் தொட முடியாமல் அந்தரத்தில் தொங்கும். இரு சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலில் லாக் இல்லாவிட்டால், தொங்கும் சக்கரம் சும்மா சுற்ற, தரையில் நிற்கும் சக்கரத்துக்கு இழுவை கிடைக்காது. மேடுபள்ளத்தில் நான்கு சக்கரமும் தரையைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்றால் ஸ்பிரிங் இளக்கமாகவும் நீளமாகவும், ஷாக் அப்சார்பர் அதற்கேற்ற நீளமாகவும் இருக்க வேண்டும். கனத்த சாமான் நிரந்தரமாக ஏற்றாத வண்டிக்கு விறைப்பான ஸ்பிரிங் எதற்கு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. மேல்பக்கமும் ஓர் எல்லை இருக்கிறது. ஸ்பேசர் வைத்தால் ஸ்பிரிங் சுருங்கக் கிடைக்கும் இடம் குறைகிறது. முட்டுத்தாங்கும் ரப்பரையும் அதே அளவு நீட்டாவிட்டால், பெரிய குழியில் சுற்றுகள் ஒன்றோடொன்று முட்டி இரும்புக் குழாய் போலாகிவிடும்.

இத்தனை பாடுபட்டு உயர்த்தி என்ன லாபம்? முன்னும் பின்னும் திட அச்சு கொண்ட ஜிம்னி போன்ற வண்டியில் தரைக்கு மிக அருகே தொங்குவது டிஃபரன்ஷியல் உருண்டை. அது அச்சோடு சேர்ந்தது. அச்சு சக்கரத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ஸ்பிரிங் அச்சுக்கு மேலே இருக்கிறது. ஆகவே ஸ்பிரிங்கை எவ்வளவு உயர்த்தினாலும் அந்த உருண்டை ஒரு மில்லிமீட்டர்கூட மேலேறாது. அதை உயர்த்தப் பெரிய டயர் ஒன்றே வழி. அதிலும் விட்டம் 2 அங்குலம் கூடினால் அச்சு ஏறுவது 1 அங்குலம்தான். 2020 தாரில் முன்பக்கம் தனித்தனித் தொங்கல், டிஃபரன்ஷியல் சேஸிஸோடு சேர்ந்தது. அது உயரும். பின்பக்கம் திட அச்சு, உயராது.

லிஃப்ட் கொடுப்பது கோணம். ஜிம்னியின் மூன்று கதவு, ஐந்து கதவு இரண்டுக்கும் தரை இடைவெளி 210 மி.மீ.தான். ஆனால் ஒரு மேட்டின் உச்சியில் வயிறு தட்டாமல் தாண்டும் கோணம் முதலாவதுக்கு 28 டிகிரி, இரண்டாவதுக்கு 24. இரு அச்சுகளுக்கும் இடைப்பட்ட தூரம் 2,250 மி.மீ.யிலிருந்து 2,590 மி.மீ. ஆனதன் விலை அந்த 4 டிகிரி. உடலை 40 மி.மீ. உயர்த்தினால் அதில் சுமார் 3 டிகிரி திரும்பக் கிடைக்கும். பெரிய டயருக்கு மட்கார்டுக்குள் இடமும் கிடைக்கும். லாபம் இவ்வளவுதான். குறைவில்லை, ஆனால் விளம்பரம் சொல்வதும் இதையல்ல.

நஷ்டக் கணக்கில் முதலில் வருவது ஸ்டீயரிங். ஜிம்னியின் முன்னச்சை இரண்டு நீண்ட கைகள் பின்னாலிருந்து பிடித்திருக்கின்றன. சேஸிஸ் மேலே போனால் கைகளின் பின்முனை மேலேறும், அச்சு கொஞ்சம் உருளும். கையின் நீளம் 70 செ.மீ. என்றால் 5 செ.மீ. உயர்வுக்கு ஏறக்குறைய 4 டிகிரி. சக்கரம் திரும்பும் அச்சுக்கோடு பின்னோக்கிச் சாய்ந்திருப்பதால்தான் ஸ்டீயரிங் தானாக நேருக்கு வருகிறது. சைக்கிளின் முன் ஃபோர்க் சாய்ந்திருப்பதும் இதற்கே. அந்தச் சாய்வே சில டிகிரிதான். அதில் 4 போனால் நெடுஞ்சாலையில் வண்டி அலையும். தேய்ந்த பேரிங் ஏதாவது இருந்தால் ஸ்டீயரிங் உதறலும் சேரும். துளை மையம் விலகிய புஷ் போட்டோ, கைகளையே மாற்றியோ அதைச் சரிசெய்ய வேண்டும். அச்சு பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் குறுக்குத் தண்டும் அச்சைச் சில மில்லிமீட்டர் ஒரு பக்கம் தள்ளியிருக்கும். அதையும் பார்க்க வேண்டும்.

பக்கவாட்டுக் கவிழ்வு இரண்டாவது. சக்கரங்களின் இடைவெளி 1,400 மி.மீ., எடை மையம் 650 மி.மீ. உயரத்தில் என்று வைத்தால், வண்டி விறைத்த கட்டையாக இருந்தால் 47 டிகிரிச் சரிவில் கவிழும். மையம் 50 மி.மீ. ஏறினால் 45. உண்மையில் ஸ்பிரிங்கும் டயரும் சாய்வதால் இரண்டு எண்களும் இதைவிடக் குறைவாகவே இருக்கும். சட்டமும் நினைவிருக்கட்டும்: மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்தவற்றிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது.

சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஆட்களை ஏற்றிப்போகும் பழைய மஹிந்திரா ஜீப்புகளில் இந்தச் சுருளெல்லாம் கிடையாது. பட்டைகள்தான், வில்வண்டியில் இருந்த அதே ஏற்பாடு. ஐந்து பட்டையுள்ள கட்டில் அதே மாதிரி ஆறாவதைச் செருகினால் விறைப்பு சுமார் 20 சதவீதம் கூடும். பட்டைகளைக் கழற்றி அடித்து வளைவேற்றினால் உயரம் மட்டும் கூடும். இந்த ஜீப்புகள் பெரும்பாலும் ஆள் நிறைந்துதான் ஏறுகின்றன, ஆகவே கூடுதல் பட்டை அவற்றுக்குப் பொருந்துகிறது.

உங்கள் வண்டியின் விறைப்பை வீட்டிலேயே அளக்கலாம். சமதரையில் நிறுத்தி, பின்சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை இருபுறமும் டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். கடையில் கிடைக்கும் 26 கிலோ அரிசி மூட்டை நான்கைப் பின்னச்சுக்கு நேர் மேலே அடுக்குங்கள். மொத்தம் 104 கிலோ. மறுபடி அளக்கும்போது 26 மி.மீ. இறங்கியிருந்தால், இரண்டு ஸ்பிரிங்கும் சேர்ந்து மில்லிமீட்டருக்கு 4 கிலோ, ஒன்றுக்கு 2 கிலோ. புது ஸ்பிரிங்கின் எண்ணை விற்பவரிடம் கேட்டு வாங்கி இதோடு ஒப்பிடலாம். எண் சொல்லத் தெரியாதவரிடம் ஸ்பிரிங் வாங்க வேண்டாம். பட்டை வண்டியாக இருந்தால் ஒரு எச்சரிக்கை: மூட்டையை ஏற்றும்போது ஓர் அளவும், இறக்கும்போது வேறோர் அளவும் காட்டும். பட்டைகள் ஒன்றோடொன்று உராய்ந்து பிடித்துக்கொள்வதால் வரும் வித்தியாசம் அது. ஒவ்வொரு முறையும் பம்பரைப் பிடித்து நன்றாக ஆட்டிவிட்டு, ஆட்டம் அடங்கிய பிறகு டேப்பை வையுங்கள்.